கடைசியில் வரும் 'டூப்பு'

மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துத் தரும் அந்தச் சலவைக்கூடத்தில் 'டூப்பு' என்ற சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. வெளியே அதற்குப் பொய், போலி, வெறும் கதை என்று பொருள். உள்ளே அது, சிரிக்கலாம் என்பதற்கான உத்தரவு.

அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவன் தம்பி. மேஸ்திரி டீ குடிக்கப் போனதும் அவர் உட்காரும் கண்ணாடி அறைக்குள் நுழைந்து மைக்கைப் பிடிப்பான். அவருடைய கரகரத்த தொண்டை, பேச்சுக்கு நடுவே வரும் செருமல், எல்லாம் அச்சு அசலாக வரும். "எவன்டா அது, தலையணை உறைக்குள்ள தலையை விட்டுத் தூங்குறது?" என்று ஸ்பீக்கரில் அதட்டுவான். புதிதாகச் சேர்ந்தவர்கள் பதறி ஓடுவார்கள். கடைசியில் தன் சொந்தக் குரலில் "டூப்பு" என்பான். கூடமே சிரித்து ஓயும். அந்தச் சொல்லுக்கு முன் அசைந்தவரை அன்று முழுவதும் ஓட்டித் தள்ளிவிடுவார்கள். அதனால் பழையவர்கள் யாரும் அசைவதில்லை.

மடிப்பு மேசையில் நிற்கும் அவன் அக்காவுக்கு உள்ளூரப் பெருமை. "பாவி, ஒருநாள் வகையா மாட்டப்போற" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே முனையோடு முனை சேர்த்து மடிக்கும்போது முகம் மலர்ந்திருக்கும்.

அன்று ஸ்பீக்கர் கரகரத்தது. "உருளைப் பக்கம் யாரும் நிக்காதீங்க. ஆவிக்குழாய்ல விரிசல். எல்லாரும் வெளிய வாங்க."

ஒருவரும் அசையவில்லை. ஈர விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்த நெட்டையன், தம்பியின் உயிர்த்தோழன், ஸ்பீக்கரை அண்ணாந்து பார்த்தான். "பிரமாதம் மாப்ளே. செருமல்தான் கொஞ்சம் தூக்கல்" என்றான். எல்லாரும் அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தார்கள். அக்காவும்தான்.

அப்போது பின்வாசல் வழியே அழுக்குத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு தம்பி உள்ளே வந்தான். அவனைப் பார்த்ததும் அக்கா கையிலிருந்த விரிப்பைப் போட்டுவிட்டு நெட்டையன் பக்கம் திரும்பினாள். வாய் திறப்பதற்குள் குழாய் சீறியது.

நெட்டையனின் இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துபோயின.

மேஸ்திரி தம்பியை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால்கூடத் தேவலை. "நான் கத்தினதை நீன்னு நினைச்சிருக்கானுங்க. இனிமே நான் எந்தக் குரல்லப்பா பேசுறது?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டில் தம்பி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தான்.

"நான் அப்ப மைக் பக்கமே போகலக்கா."

"தெரியும்."

"அப்புறம் என் தப்பு என்ன?"

அக்கா மடித்து வைத்திருந்த துண்டைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். "நாளைக்குப் போய் அவனைப் பாரு. அவன் முகத்துக்கு நேரா இதைக் கேக்க முடியுதான்னு பாரு."

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அவளும் கூடப் போனாள். கட்டிலில் கிடந்த விரிப்பு தங்கள் கூடத்தில் வெளுத்ததுதான் என்று விளிம்புத் தையலிலேயே அவளுக்குத் தெரிந்தது. அதன்மேல் நெட்டையனின் கைகள், கட்டுப்போட்ட இரண்டு பொதிகளாகக் கிடந்தன.

வழியெல்லாம் மனதில் உருட்டி வந்ததைத் தம்பி எப்படியோ சொல்லி முடித்தான். "என்னாலதான்டா உனக்கு இப்படி ஆச்சு. மன்னிச்சிடு மாப்ளே."

நெட்டையன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா பாக்குற?"

"முடிச்சிட்டியா?"

"ம்."

"இன்னும் ஒரு வார்த்தை பாக்கி இருக்கும்னு நினைச்சேன்."

பழக்கதோஷத்தில் வந்த பேச்சு. குத்தல் துளியும் இல்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எந்தக் குரலில் சொன்னால் இவன் நம்புவான் என்று அவனுக்கு விளங்கவில்லை. யார் குரலையும் ஒரே மூச்சில் பிடித்துவிடுகிறவனுக்குத் தன் குரல் கைகொடுக்கவில்லை.

நர்ஸ் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனாள். நெட்டையன் தட்டைப் பார்த்தான், பிறகு தன் கைகளைப் பார்த்தான். அக்கா எழுந்திருப்பதற்குள் தம்பி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு கரண்டி அள்ளி, ஊதி, நீட்டினான்.

"சூடு இல்லடா."

நெட்டையன் கழுத்தை நீட்டி, முதலில் உதட்டு நுனியால் தொட்டுப் பார்த்தான். அப்புறம்தான் வாயைத் திறந்தான். அடுத்த கரண்டிக்கும் அப்படியே செய்தான். ஒவ்வொன்றையும் தம்பி ஊதி ஊதி, அவன் தொட்டுப் பார்க்கும்வரை கையை ஆட்டாமல் பிடித்திருந்தான்.