விரலார் நசுக்கிய கட்டி

சிமெண்டுக் கிடங்கில் முப்பது வருஷமாக மூட்டை பார்க்கிறவரை எல்லோரும் விரலார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். மூட்டைக்குள் கட்டி தட்டுப்பட்டால் எடுத்து நசுக்குவார். மாவாக உதிர்ந்தால், அடுக்கின் பாரத்தில் இறுகியது. வடிவம்தான் மாறியிருக்கிறது, சரக்கு இன்னும் சிமெண்டுதான். நறநறவென்று நெருடினால், ஈரம் உள்ளே புகுந்துவிட்டது. அது வேறு பொருளாகிவிட்டது. இடித்தாலும் அரைத்தாலும் பழையபடி சிமெண்டாகாது. பார்வைக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். கண்ணை நம்பிக் கெட்டவர்கள் உண்டு, அவர் விரலை நம்பிக் கெட்டவர் கிடையாது.

அந்த விரல்கள்தான் இந்த வருஷம் மரத்துப்போயின. "நரம்பு போயிடுச்சு, இனி திரும்பாது" என்றார் டாக்டர். விரலார் யாரிடமும் மூச்சுவிடவில்லை, வீட்டுக்காரியிடம்கூட. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும். கொஞ்சம் வருத்தப்படலாமே என்று உட்கார்ந்து பார்த்தார், அதுவும் வரவில்லை. வழக்கம்போல் நசுக்கினார், வழக்கம்போல் தலையாட்டினார்.

மழையில் கிடங்கின் கூரைத் தகடு ஒழுகியது. ஓரத்தில் இருந்த நாற்பது மூட்டைகளைப் பார்க்கச் சொன்னார் முதலாளி. விரலார் நசுக்கினார், கட்டி உதிர்ந்தது. மாவா, நெருடலா? அந்த விரலுக்கு என்ன தெரியும்? "பாரக் கட்டிதான், அனுப்பலாம்" என்று சொல்லிவிட்டார். மறுநாள் கூரை போடப்போகிற யாரோ ஒருவர் வீட்டுக்கு அன்றைக்கே லாரி கிளம்பியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அந்த மூட்டைகளிலிருந்து சட்டைப்பையில் போட்டுவந்த ஒரு கட்டியை எடுத்து வீட்டுக்காரியிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் நசுக்கிப் பாரு."

"ஊருக்கே பார்த்துச் சொல்றவருக்கு என் கை எதுக்காம்?" என்று கேட்டுக்கொண்டே நசுக்கினாள். "என்னங்க, சர்க்கரையாட்டம் நெருடுது."

அவள் அவர் கையைப் பார்த்தாள். "கொதிக்கிற டம்ளரைத் துணியில்லாம தூக்குறப்பவே நினைச்சேன்" என்றாள்.

விரலார் முதலாளிக்குப் போன் போட்டார். "அந்த நாற்பது மூட்டையும் தண்ணி பட்டதுங்க. கூரைக்குப் போடவிடாதீங்க."

"நீங்கதானே நல்லதுன்னீங்க?"

"என் விரலுக்கு இனிமே எதுவும் தெரியாதுங்க. இப்பப் பார்த்தது என் வீட்டுக்காரி."

"லாரியைத் திருப்பிடறேன்" என்றார் முதலாளி. "யானைக்கும் அடி சறுக்கும்னு விடலாம்ணே. ஆனா இது கூரை விஷயம். நாளையிலேர்ந்து நீங்க வீட்டுல ஓய்வா இருங்க." மரியாதையாகத்தான் சொன்னார்.

விரலாருக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த வேலைச் சட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவர் விரல்களைத் தன் இரண்டு கைகளாலும் இறுகப் பற்றிக்கொண்டாள்.

குனிந்து பார்த்த பிறகுதான் அது அவருக்குத் தெரிந்தது.