கிழவிக்கு இனி முடியாது

ரெட்டியார்பாளையம் கார்குழலிக்கு வாய் நீளம். தையல்கடைகளுக்காக அவள் செய்த மென்பொருளின் பெயர் 'அளவு'. வாடிக்கையாளரின் மார்பு, இடுப்பு, கை அளவெல்லாம் அதில் பத்திரமாக இருக்கும். நாற்பது கடைகள் அதைப் பார்த்துத்தான் கத்தரியை எடுக்கின்றன.

இந்த முறை, எழுதியதைக் கணினியில் ஓடும் நிரலாக மாற்றித் தரும் கம்பைலரைப் புதிதாகப் போட்டு அதில் கம்பைல் செய்தாள். அதற்கு விண்டோஸ் பத்துக்குக் கீழே எதுவும் ஆகாது. சோதனைக்கென வீட்டில் வைத்திருந்த விண்டோஸ் ஏழு கணினிக்கு அவள் இட்ட பெயர் கிழவி. அதில் ஓட்டிப் பார்த்தாள், அசையவில்லை. பழைய விண்டோஸில் திறந்தால் காட்ட ஒரு செய்தி வேண்டுமே என்று விளையாட்டாக எழுதினாள்: "கிழவிக்கு இனி முடியாது. மாற்றிவிடுங்கள்." அப்புறம் திருத்திக்கொள்ளலாம் என்றிருந்தவள், மறந்துபோய் அப்படியே எல்லாக் கடைக்கும் அனுப்பிவிட்டாள்.

மூன்றாம் நாள் உப்பளம் பகுதியிலிருந்து சரிதா போன் செய்தாள். மாமியார் ராஜாம்பாளின் தையல்கடையில் சட்டைகளுக்குக் காஜா எடுப்பவள் அவள். நாற்பது கடைகளில் அங்கே மட்டும்தான் இன்னும் விண்டோஸ் ஏழு.

"குழலி, கம்ப்யூட்டர்ல கிழவி, மாத்துங்கன்னு வருது. 'நீங்க எழுந்திரிங்க அத்தை, கம்ப்யூட்டர்ல இனி நான் உக்கார்றேன்'னு அதுக்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தேன். நான்தான் எழுதி வெச்சேன்னு நெனச்சு அத்தை ரெண்டு நாளா என் கையால ஒரு வாய் சாப்பிடல. வைரஸ்தானே இது?"

கார்குழலிக்குத் தான் எழுதிய வரி நினைவுக்கு வந்தது. ஆனாலும் தட்டில் வைத்து நீட்டிய பொய்யை விட மனம் வரவில்லை.

"வைரஸ்தான்கா."

மறுநாள் நேரில் கடைக்குப் போனபோது ராஜாம்பாள் கணினி நாற்காலியை விட்டு அசையாமல் கேட்டார்: "ஏம்மா, வைரஸுக்குத் தமிழ் தெரியுமா? நான் கிழவின்னு அதுக்கு யாரு சொன்னது?"

சரிதா சுவரோரம் கண் சிவந்து நின்றாள். அதற்குமேல் கார்குழலியால் முடியவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தாம்மா எழுதனேன். கிழவின்னது என் வீட்டுக் கம்ப்யூட்டரை. அக்கா மேல தப்பே இல்ல."

ராஜாம்பாள் முறைத்தார். பிறகு கேட்டார்: "பழசுக்குன்னு செஞ்சா புதுசுல ஓடுமா?"

"ஓடும்மா. புதுசுக்குன்னு செஞ்சாதான் பழசுல ஓடாது."

"அப்ப எனக்குன்னு செய். எல்லாக் கடையிலயும் நான் சொல்ற வரி வரணும்."

கார்குழலி பழைய கம்பைலரைத் தேடி எடுத்தாள். விண்டோஸ் ஏழுக்குத் தெரியாத இரண்டு வசதிகளைக் கழற்றிவிட்டு மறுபடி கம்பைல் செய்து, முதலில் தன் வீட்டுக் கிழவியிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினாள்.

மறுநாள் காலை நாற்பது கடைகளிலும் திரை திறந்ததும் ஒரு வரி வந்தது: "கிழவி தயவில் ஓடுகிறது."

எந்தக் கிழவி என்று கேட்டு மதியம்வரை கார்குழலிக்குப் போன் ஓயவில்லை. உப்பளத்தில் ராஜாம்பாள் அந்த வரியை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். பிறகு தானாகவே நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நீ உக்காரு சரிதா. காலையில கம்ப்யூட்டரைத் தொறக்கறது மட்டும் நான்."