மழையில் வழுக்கிய புதுத் தார்

தொண்ணூறுகளில், ஆக்லாந்தில் எங்கள் வீட்டு டிரைவ்வே, அதாவது கார் போய்வரும் பாதை, தெருவை நோக்கிச் செங்குத்தாக இறங்கும். அதன் வெடிப்புகளை அடைத்து, என் கணவரே புதிதாகத் தார்ப்பூச்சுப் பூசினார்.

"ரெண்டு நாளைக்குக் காரை எடுக்காதையும்" என்றார்.

மறுநாள் காலை மழை தூறியது. வேலைக்குப் பிந்திவிடும் பதற்றத்தில் காரைப் பின்னோக்கி எடுத்தேன். பிரேக்கை மிதித்தும் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இறங்கியது. கண்ணாடியில் பார்த்தால், கீழே அவர் குனிந்து நியூஸ்பேப்பர் எடுத்துக்கொண்டிருந்தார்!

ஹார்னை அழுத்தி, "ஐயோ, விலகுங்கோ!" என்று கத்தினேன். அவர் பக்கத்துச் செடிகளுக்குள் பாய்ந்தார். கார் தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கத்து வேலியில் இடித்து நின்றது.

ஓடிவந்தவர், "உமக்கு ஒண்டும் இல்லைத்தானே?" என்று கேட்டார்.

இப்போதெல்லாம் புதிதாகத் தார் பூசினால், பூச்சுக் காயும்வரை கார் தெருவிலேயே நிற்கும். மற்ற நாட்களிலும், பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று இறங்கிப் பார்க்காமல் நான் காரை எடுப்பதில்லை.