பேசு என்று சொல்லாதீர்கள்

என் அறைக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் 'பொலிஸ்'. கதவில் 'ஆலோசனை வழிகாட்டல்' என்று பலகை தொங்கியது உண்மைதான். ஆனால் பலகையைப் பார்த்தா பிள்ளைகள் ஓர் இடத்துக்குப் பெயர் வைக்கிறார்கள்? அந்த அறையிலிருந்து என்ன முகத்தோடு ஆட்கள் வெளியே வருகிறார்கள் என்று பார்த்துத்தான் வைக்கிறார்கள். பழுதான கதிரைகளும் வலைப்பந்துக் கம்பங்களும் போட்டு வைத்திருந்த களஞ்சிய அறையில் பாதியைத்தான் எனக்குத் தந்திருந்தார்கள். மற்ற ஆசிரியைகள் வகுப்பில் சத்தம் கூடினால், "இன்னும் ஒருக்கா சத்தம் கேட்டிச்சி, கவுன்சிலிங் டீச்சர்கிட்ட அனுப்பிடுவேன்" என்று மிரட்டுவார்கள். ஒருவர் ஒரு பையனைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, "இவனுக்கு நல்லா ஒரு கவுன்சிலிங் குடுங்க டீச்சர்" என்று என் முன்னால் நிறுத்தினார். நான் பிரம்பை எங்கே வைத்திருக்கிறேன் என்று அந்தப் பையன் அறையைச் சுற்றிப் பார்த்தான். தகப்பன்மார் இதற்கு ஒரு படி மேல். "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிடுங்க டீச்சர்" என்று முழு அதிகாரமும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

நான் மாத்தளை டவுனைச் சேர்ந்தவள். காலையில் இரத்தோட்டை பஸ்ஸில் வந்து, அங்கிருந்து மற்ற ஆசிரியைகளோடு ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பாடசாலைக்கு ஏற வேண்டும். ஆலோசனைக்கென்று படித்துப் பட்டயம் வாங்கி வந்தவளுக்குப் பொலிஸ் வேலை பார்க்க மனம் ஒப்பவில்லை. அறையைப் பூட்டிவிட்டு, பகல் சாப்பாட்டுக்குப் பிள்ளைகள் கை கழுவும் குழாயடியில் போய் நின்றேன். கை கழுவ வரிசையில் நிற்கும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே எதையும் சொல்லும். அப்பா குடித்துவிட்டு வந்தது, நாய் குட்டி போட்டது, தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று எல்லாம் அங்கேதான் என் காதில் விழுந்தன.

அந்தக் குழாயடியில் ஒரு பிள்ளை மட்டும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புப் பெண்பிள்ளை. முதலாம் வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து பாடசாலைக்குள் அவள் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. எழுதுவாள், கணக்குச் செய்வாள், அதுவும் பிழையில்லாமல். பேச மட்டும் மாட்டாள். மூத்திரம் போக வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டாள். அதனால் சில நாள் உடுப்பு நனைந்துவிடும், பக்கத்துப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். வகுப்பாசிரியை அதைத் திமிர் என்றார். பாடசாலை அதிபர் அவளுக்கு ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்தார்.

அதிபர் கெட்ட மனிதர் இல்லை. "டவுன்ல விசேட கல்விப் பிரிவு இருக்கு. அங்க அனுப்பினா புள்ளைக்கி நல்லது. இந்தத் தவணையோட வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதிடுவோம்" என்றார். தகப்பனும் தலையாட்டிவிட்டார். நான்தான் தலையாட்டவில்லை. தாய் விடிந்தால் மலையில் கொழுந்து பறிக்கப் போகிறவள், தகப்பன் மரம் அறுக்கும் மரக்காலையில் வேலை. இரண்டு பஸ் மாறி டவுனுக்கு யார் அந்தப் பிள்ளையைத் தினமும் கூட்டிப் போவது? டவுனுக்கு என்று அனுப்பிய பிள்ளைகளை நான் தொழிலாளர் லயத்துப் படிகளில் பார்த்திருக்கிறேன். இடுப்பில் தம்பியையோ தங்கச்சியையோ வைத்துக்கொண்டு நிற்பார்கள். இங்கிருந்து போனால் இவள் படிப்பும் அத்தோடு முடிந்தது.

"இந்தத் தவணை முடியிற வரைக்கும் அவள என்கிட்ட விடுங்க, சேர்" என்றேன்.

"பிடிவாதம் பிடிச்சா ஒங்கள மாதிரிதான் பிடிக்கணும்" என்று சிரித்தார். ஆனால் விட்டார்.

முதலில் அவள் வீட்டுக்குப் போனேன். லயத்துக்கு இறங்கும் பாதையிலேயே ஒரு குரல் கேட்டது. யாரோ ஆசிரியை பிள்ளைகளைத் திட்டுகிற மாதிரி. கிட்டப் போய்ப் பார்த்தால், இவள்தான். வீட்டு முன்னால் குச்சியோடு நின்று, வாளியையும் இரண்டு போத்தல்களையும் மாணவர்களாக உட்கார வைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். "வாயில என்ன கொழுக்கட்டையா? பேசு! பேசப் போறியா, இல்லையா?" என்று வாளிக்கு ஓர் அடி. வகுப்பாசிரியையின் குரல் அச்சு அசலாக இருந்தது. என்னைக் கண்டதும் குச்சி கீழே விழுந்தது, வாய் மூடிக்கொண்டது.

தாய் வெளியே வந்து, "வீட்ல இவ வாய மூட மாட்டா டீச்சர். நாங்கதான் காதப் பொத்திக்கணும். ஸ்கூல்ல பேசலன்னா நாங்க எப்பிடி நம்புறது?" என்றாள். பாடசாலையில் இதற்கு நேர்மாறு. வீட்டில் பேசுகிறாள் என்றால் யாரும் நம்பவில்லை.

எனக்கு அந்த வாளிதான் கண்ணுக்குள் நின்றது. மூன்று வகுப்பாக இந்தப் பிள்ளை கேட்டதெல்லாம் ஒரே சொல். பாடசாலை வாசல் படலையடியில் காவல்காரர் "குட் மோர்னிங் சொல்லு பாப்போம்" என்பார். சமையலுக்கு வரும் அம்மாமார் "பேசினா ரெண்டு முட்டை" என்பார்கள். வகுப்பில் "பேசு", அலுவலகத்தில் "பேசு", டொபி இனிப்பு நீட்டினால் அதற்கும் "பேசு". அவளுக்குப் பேச மனமில்லை என்பதல்ல. பாடசாலைப் படியேறியதும் பயத்தில் தொண்டை அடைத்துவிடுகிறது. அடைத்த தொண்டையை நாங்கள் ஆளுக்கொரு பக்கமாக நெரித்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, இனி அவளிடம் யாரும் பேசு என்று சொல்லக்கூடாது என்றேன். பிள்ளையின் வாயைத் திறப்பதைவிட எங்கள் ஆட்களின் வாயை மூடுவது பெரிய பாடாகிவிட்டது. "வாயுள்ள புள்ளதான் பொழைக்கும் டீச்சர், இப்பிடி விட்டா ஊமையாவே போயிடும்" என்றார் வகுப்பாசிரியை. காவல்காரருக்கு மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாம் தரம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

வைத்தியத்துக்கும் குறைவில்லை. பயந்துவிட்டாள் என்று தோட்டத்துக் கோவிலில் கையில் நூல் கட்டினார்கள். ஒரு கத்தோலிக்க ஆசிரியை பாதரிடம் கூட்டிப்போய் செபம் சொல்லலாம் என்றார். கதையைக் கேட்ட என் உம்மா, "பள்ளிவாசல்ல ஓதின தண்ணி கொஞ்சம் தாறன், கொண்டு போய்க் குடுங்க மகள்" என்று போத்தலை என் பையில் வைத்தே விட்டார். நான் எதற்கும் குறுக்கே நிற்கவில்லை. நூலும் செபமும் தண்ணீரும் அவளைப் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லையே.

என் வழி வேறு. தாயிடம் போய், பாடசாலை விட்ட பிறகு வந்து, வெறும் வகுப்பறையில் மகளோடு கொஞ்ச நேரம் விளையாடிவிட்டுப் போகச் சொன்னேன். அவள் கங்காணியிடம் கெஞ்சிக் கூத்தாடி, பகல் கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு வந்தாள். விரலெல்லாம் கொழுந்துக் கறையோடு, இருவரும் பாம்பும் ஏணியும் விளையாடினார்கள். நான் வராந்தாவின் அடுத்த கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து பாடப் புத்தகங்களுக்கு உறை போட்டேன். கிசுகிசுவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க மனம் துடித்தது, பார்க்கவில்லை. சில நாள் கழித்துக் கதிரையை வாசலுக்கு நகர்த்தினேன். பிறகு அறைக்குள், மூலையில். பிறகு அவர்கள் மேசையில் எனக்கும் ஒரு காய் வைத்துக்கொண்டேன். இந்த வேலையில் அவசரக்காரிக்கு இடமில்லை. நானோ பிறவி அவசரக்காரி.

ஒருநாள் உச்சியில் இருந்த நீளப் பாம்பின் வாயில் என் காய் விழுந்தது. அவள் கலகலவென்று சிரித்து, தாயைப் பார்த்து, "டீச்சர பாம்பு கொத்திருச்சி!" என்றாள். தாய் என்னைப் பார்த்தாள், நான் பலகையைப் பார்த்தேன். ஒன்றுமே நடக்காத மாதிரிக் காயைக் கீழே இறக்கினேன். அடுத்த கிழமை நேராக என்னிடமே, "ஒங்க வாட்டி டீச்சர்" என்றாள். அன்று பஸ்ஸில் மாத்தளை வரும்வரை எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன்.

அதிபரிடம் சொல்லாமல் இருக்க முடியுமா? வலயத்துக்கு எழுதப் போகிறவர் அவர்தானே. சொன்னேன். மனிதர் சந்தோஷத்தில் எழுந்தே நின்றுவிட்டார். அங்கேதான் வந்தது வினை.

திங்கட்கிழமை பஸ் பிந்திவிட்டது. ஓட்டோ மலையேறும்போதே மேலே பாடசாலை மைக் சத்தம் கேட்டது. காலைக் கூட்டம். "நம்ம பாடசாலைக்கே ஒரு சந்தோஷமான செய்தி..." என்று அதிபரின் குரல். ஓட்டோக்காரரை விரட்டினேன். எங்கள் ஊரில் ஒரு பிள்ளையைப் பாராட்டுவதென்றால் மேடையில் ஏற்ற வேண்டும், கையில் பரிசு கொடுக்க வேண்டும், மைக்கை வாயருகே பிடிக்க வேண்டும். அன்புக்கு வேறு வழி எங்களுக்குத் தெரியாது. நான் மூச்சிரைக்க மைதானத்துக்குள் ஓடியபோது அவள் மேடையில் நின்றாள். கையில் வண்ணத்தாள் சுற்றிய பரிசு. "ஒரே ஒரு வணக்கம் சொல்லும்மா, வேற ஒண்ணும் வேணாம்" என்கிறார் அதிபர். பிள்ளைகள் எல்லாம் கை தட்டுகிறார்கள். அவளுடைய வெள்ளைக் காலுறை நனைந்து கொண்டிருந்தது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. நான் மேடையில் ஏறி அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். உடுப்பு மாற்றி வீட்டில் விட்டுவிட்டு வந்து, அதிபரின் அறைக் கதவைச் சாத்தினேன்.

"நல்லதுக்குத்தானே டீச்சர் செஞ்சேன்" என்றார்.

"நல்லதுக்குத்தான் செஞ்சீங்க சேர். கெட்டதுக்குச் செஞ்சிருந்தா சண்டையாவது புடிச்சிருப்பேன். இப்ப யாரப் போய் ஏசுறது?" என்றேன். ஆனால் நன்றாகவே ஏசினேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்காக அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது.

பழைய குருடி கதவைத் திறடி என்றாகிவிட்டது. அவள் பாடசாலைக்கு வரவேயில்லை. நான் போனபோது தாயும் முன்போல முகம் கொடுக்கவில்லை. "போதும் டீச்சர். எம் புள்ள அத்தன பேர் முன்னால அசிங்கப்பட்டது போதும். டவுனுக்கே அனுப்பிடுறோம்" என்றாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விட மாட்டேன் என்று சொன்னேன். டவுனுக்கு யார் கூட்டிப் போவது என்று கேட்டேன். மறுநாள் பகல் பாம்பும் ஏணியும் பலகையைத் தூக்கிக்கொண்டு நானே அவர்கள் லயத்துக்குப் போய் உட்கார்ந்தேன். அங்கிருந்து பாதையோரத்துக்கு, பாதையோரத்திலிருந்து படலையடிக்கு, படலையடியிலிருந்து வகுப்பறைக்கு. முழுத் தூரத்தையும் திரும்ப ஒருக்கா நடந்தோம். அதிபர் மைக்கைத் தன் அல்மாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இந்த முறை அவளுக்கு ஒரு விஷயம் கூடுதலாகச் சொல்லிக் கொடுத்தேன். "யாராச்சும் பேசுன்னு சொன்னா, ஒனக்கு ஏலாட்டி முடியாதுன்னு தலைய ஆட்டு. அது ஒன் உரிமை. யாராச்சும் கோவிச்சா என்கிட்ட வரச்சொல்லு." இதைக் கேட்ட வகுப்பாசிரியை, "பெரியவங்களுக்கு முடியாதுன்னு சொல்லவா பழக்கிக் குடுக்கிறீங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பேசுவதும் பேசாததும் தன் கையில் என்று தெரிந்தால்தான் அவள் பயம் தெளியும். அவர் என்னை நம்பவில்லை, ஆனால் அதன் பிறகு அவளைப் பேசச் சொல்லவுமில்லை.

தவணை முடியும் தறுவாயில் வலய அலுவலகத்திலிருந்து அதிகாரியாக ஒரு மெடம் வந்தார். பிள்ளையை நேரில் பார்த்து, இங்கேயா டவுனிலா என்று முடிவு சொல்லிவிட்டுப் போவார். வாசலிலேயே அவரை மறித்து, பேசச் சொல்லிக் கேட்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவரும் சரியென்றார். என்றாலும் பழக்கம் யாரை விட்டது? பிள்ளையின் மேசையடியில் குனிந்து, "மகள், பேர் என்ன? சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் அசையவில்லை, கண்ணால்கூட எதுவும் சொல்லவில்லை. அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டினா எப்பிடிம்மா? வாயத் தொறந்து சொல்லணும்."

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

"மாட்டேன்" என்றாள்.

பெரிய சத்தமில்லை. ஆனால் கடைசி வாங்கில் இருந்தவனுக்கும் கேட்டது. ஒருவன் கை தட்ட எழுந்தான், நான் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டான். மெடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், பிறகு அதிபரைப் பார்த்தார். "இந்தப் புள்ள இங்கயே படிக்கட்டும், சேர்" என்றார். அதிபர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் பாடசாலை விடும்வரை காத்திருக்கவில்லை. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தாய் கொழுந்து பறிக்கும் மலைக்கு ஏறினேன். நான் வருவதைக் கண்டு, கெட்ட செய்தி என்று நினைத்து, அவள் கூடையோடு ஓடி வந்தாள். பேசிவிட்டாள், எல்லார் முன்னாலும் பேசிவிட்டாள் என்றேன்.

"என்ன டீச்சர் பேசினா?"

"மாட்டேன்னு சொன்னா."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அது வீட்ல தெனமும் சொல்றதுதானே டீச்சர்" என்றாள்.