கரடிக்குப் பக்கத்தில் பர்கர்

கொடைக்கானலில் பர்கர் என்று தமிழில் எழுதிப் பலகை மாட்டிய முதல் ஆள் தான்தான் என்று நாயுடுபுரம் சேனாதிபதி சொல்லிக்கொள்வார். மறுக்க யாரும் மெனக்கெடாததால் அது அப்படியே நிலைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றின் சமையலறையில் வருஷக்கணக்காக வெங்காயம் நறுக்கியவர். எண்பத்திரண்டாம் வருஷம் விடுதியை மூடிவிட, தெரிந்த ஒரே வித்தையை நம்பி ஏரிக்குப் போகும் வழியில் கடை போட்டார். உருளைக்கிழங்கு கட்லெட், இரண்டாகப் பிளந்த பன், நடுவே முட்டைக்கோஸ், மேலே சாஸ், பக்கத்தில் ஒரு கை வறுவல். எல்லாம் அட்டைப்பெட்டியில். சுற்றுலா வந்தவர்கள் வாங்கினார்கள். உள்ளூர்க்காரர்கள், "கட்லெட்ட மட்டும் குடுங்க, பன்னு எதுக்கு?" என்றார்கள்.

உள்ளூரில் பன்னோடு வாங்கியவர்களில் முக்கியமானவர் அலெக்சாண்டர் சாமியார். ஒரு கிறிஸ்தவ சபையின் சின்ன அருங்காட்சியகம் அவர் பொறுப்பில் இருந்தது. பாடம் செய்த கரடி, புட்டிக்குள் பாம்புகள், பெட்டி பெட்டியாகப் பட்டாம்பூச்சிகள். ஒருநாள் பர்கர் பெட்டியோடு உள்ளே நுழைந்தவரை யாரோ அவசரமாகக் கூப்பிட, கைக்கு எட்டிய அலமாரியில் அதை வைத்துவிட்டு ஓடினார். பூச்சிகளைக் காயவைக்கும் அலமாரி அது. உள்ளே இரவும் பகலும் பல்பு எரியும். அந்த ஞாபகமே இல்லாமல் பெரும்பாறைப் பக்கம் வண்டு பிடிக்கப் போய்விட்டார்.

மழைக்காலம் முடிந்து திரும்பி வந்து திறந்தால், பர்கர் அப்படியே இருக்கிறது. பூஞ்சை இல்லை, நாற்றம் இல்லை. சாமியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வறுவலோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்து, கரடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அட்டையும் எழுதினார்: 'பர்கர். நாயுடுபுரம் சேனாதிபதி கடை. மழைக்காலம் முழுவதும் கெடவில்லை.'

செய்தி கேட்டு சேனாதிபதி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். தன் பெயரை நாலு தடவை வாசித்தார். கரடிக்கு இப்படிப் பெயர் சொல்லி எழுதவில்லை என்பதையும் கவனித்துக்கொண்டார். கடைக்கு வந்து மனைவி கந்தம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கட்லெட்டைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஏங்க, கெடாத பண்டத்த மனுசன் திம்பானா? ஊரு என்னா சொல்லும்னு யோசிச்சீங்களா?"

ஊர் அதைத்தான் சொன்னது. என்னமோ மருந்து கலக்கிறாராம் என்று பேச்சு கிளம்பியது. சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகளுக்கு வாங்கிப்போன அடைக்கலமேரி டீச்சர், கடை வந்ததும் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடந்தார். பன் வாங்கிய பன்னாகவே கிடந்தது. சேனாதிபதிக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாரைத் தேடிப் போனார்.

"சாமி, அத எடுத்துருங்க. பொழப்பு கெடக்குற கெடப்பு உங்களுக்குத் தெரியாது."

"அலமாரிச் சூட்டுல காஞ்சு போயிருக்கு, அவ்வளவுதான். உங்க மேல தப்பே இல்ல."

"அப்ப அத அட்டையில எழுதுங்க."

சாமியார் சங்கடமாகக் கரடியைப் பார்த்தார். "எழுதுனா யாருங்க வந்து பாப்பாங்க? இத்தன வருசம் இந்தக் கரடிக்கு வராத கூட்டம் இப்ப வருது."

கடைசியில் இளகி, அட்டையின் அடியில் ஒரு வரி சேர்த்தார். கண்ணாடி போட்டவர்களுக்கும் தெரியாத அளவு பொடி எழுத்து.

கடையை மூடிவிடலாமா என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டிருந்த காலையில் ஒரு லாரி வந்து நின்றது. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் கேரட் ஏற்றிப்போகும் அழகுமலை இறங்கினான்.

"அண்ணே, கெட்டே போகாத பர்கர் இருக்காமே? ஒட்டன்சத்திரத்துல எறக்கிட்டு அப்பிடியே கொச்சிக்கு லோடு போறேன். வழிக்கு ஆறு கட்டுங்க."

சேனாதிபதிக்கு உச்சிவரை ஏறிவிட்டது. "ஏலே, கெட்டுப்போகும்டா! சத்தியமா சொல்றேன், நாளைக்கே ஊசிப்போகும்!"

"வேற ஆளுக்கு எடுத்து வச்சிருக்கீங்கபோல. எங்களுக்குத் தர மனசில்ல."

இவர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் கந்தம்மாள் ஆறு பெட்டியையும் கட்டி நீட்டிவிட்டாள். "வெரசாத் தின்னுருங்க தம்பி. வச்சுக்கிறாதீங்க."

அன்று பூராவும் சேனாதிபதி கொச்சி வழியில் அழகுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடப்பதாகவே நினைத்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் லாரி திரும்பி வந்தபோது ஓடிப்போய்க் கதவைப் பிடித்தார்.

"கெட்டுப்போச்சா?"

"அது யாருக்குண்ணே தெரியும்?" என்றான் அழகுமலை. "வாசன பொறுக்காம நானும் கிளீனரும் ஆளுக்கு மூணாத் தின்னுபுட்டோம். இந்தா இருக்குற பெருமாள்மலையக்கூடத் தாண்டல. இந்தத் தடவ பன்னெண்டு கட்டுங்க, கொச்சி வரைக்கும் வச்சுப் பாத்துருவோம்."

பன்னிரண்டும் கொச்சியைப் பார்க்கவில்லை. ஒட்டன்சத்திரத்தில் அவன் பேச்சைக் கேட்ட மற்ற டிரைவர்களும் வெள்ளனே வந்து நிற்க ஆரம்பித்தார்கள். கந்தம்மாள் இரண்டாவது அடுப்பு போட்டாள். சேனாதிபதி 'இன்று வாங்கி இன்றே சாப்பிடவும்' என்று பலகையில் பெரிதாக எழுதி வைத்தார். மனுஷனுக்கு எவ்வளவு அடக்கம் பாரு என்று டிரைவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.