எண்பத்தேழு பேரும் ஒன்றேகால் கிலோ லேப்டாப்பும்

காலை 5.40, விளாங்குடி.

2009 ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. பஸ் நிறுத்தத்தில் என்னையும் பால்காரரையும் தவிர யாரும் இல்லை. என் தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர் பாட்டில், இட்லிப் பொட்டலம், ஒரு கட்டு வெள்ளைத்தாள், ஒன்றேகால் கிலோ எடையில் சின்ன லேப்டாப் ஒன்று. நாற்பத்திரண்டு வயதில் முதல்முறையாக என் பிழைப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியூர் கிளம்பினேன். அதுவரை என் பிழைப்பின் எடை பதினான்கு கிலோ. தமிழ் டைப்ரைட்டர் தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் மனு டைப் அடிப்பவள். மதுரையில் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே, மரத்தடியில், இருபத்திரண்டு வருடமாக அடிக்கிறேன். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், சோறு போடுவது தமிழ் டைப். கையை மட்டும் பார்த்தால் என் தாய்மொழி வேறு என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அவ்வளவு சுத்தமாக அடிப்பேன். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது.

போகிற ஊர் செக்கானூரணிக்கும் திருமங்கலத்துக்கும் நடுவே, மெயின் ரோட்டை விட்டு உள்ளே. மனு இன்னும் விசாரணையில் இருப்பதால் ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊர்க் கண்மாயின் இரண்டாம் மடை இடிந்து இரண்டு வருடம். மழை பெய்தும் தண்ணீர் வயலுக்குப் போகாமல் பயிர் கருகியது. வருடத்துக்கு ஒருமுறை தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நாள் ஒதுக்கி, அதிகாரி நேரில் உட்கார்ந்து மனு வாங்குவார். போன வருடம் இவர்கள் மனு திரும்பி வந்துவிட்டது. பாசனக்காரர்கள் எல்லாருடைய பெயரும், தகப்பன் பெயரும், நிலத்தின் அளவும் மடை வரிசைப்படி வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். இந்த வருடம் இவர்களுடைய நாள் இன்றுதான். பிற்பகல் மூன்று மணியோடு சரி. தவறினால் இன்னொரு வருடம் வயல் காயும். அதனால்தான் ஊருக்கே வந்து பட்டியல் அடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். மனுவின் முகப்பை முந்தின நாளே அச்சிட்டாயிற்று. பட்டியல்தான் பாக்கி.

காலை 6.20, அரப்பாளையம்.

உசிலம்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. செக்கானூரணிக்குப் பதினெட்டு கிலோமீட்டர், டிக்கெட் எட்டு ரூபாய். பஸ் ஊரைத் தாண்டும்வரை இந்த லேப்டாப்பின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அவனியாபுரத்தில் ஒரு லேத் பட்டறைக்கும் ஒரு வெல்டிங் பட்டறைக்கும் நடுவே சையது பாய் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறார். அவரிடம் பழசாக வாங்கியது, விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. திரை ஒன்பது அங்குலம். மெமரி 512 எம்.பி. வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இது என்ன, டிபன் டப்பாவா?" என்றார். முன்பு வைத்திருந்தவர் ஏதோ ஒரு திருட்டு சிஸ்டத்தை ஏற்றி வைத்திருந்தார். அது எழுந்து முகம் கழுவி வர மூன்றரை நிமிடம் ஆனது. பேட்டரி ஒன்றரை மணி நேரம்கூட நிற்கவில்லை. அப்போது தினமும் மின்வெட்டு. கிராமத்துக்குப் போய் பிளக்கைத் தேடி நின்றால் கேலிதான் மிச்சம்.

சிஸ்டத்தை மாற்ற வேண்டும் என்றேன். சையது பாய் லினக்ஸில் இரண்டு வகை காட்டினார். முதலாவது பார்க்க அழகு. ஆனால் என்னுடைய குட்டித் திரையில் அதன் பெட்டிகள் அடங்கவில்லை. 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது. அழகை வைத்து என்ன செய்வது?

இரண்டாவது மொத்தமே நூறு எம்.பி. ஒரு பென் டிரைவில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. முப்பத்தைந்து நொடியில் திறந்தது. பேட்டரி நாலு மணி நேரத்துக்கு மேல் வந்தது. ஒரே குறை, தமிழைப் போட்டால் கட்டம் கட்டமாகக் காட்டியது. சையது பாய் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து எழுத்துரு போட்டு, பழைய டைப்ரைட்டரின் விசை வரிசையையும் அதில் ஏற்றிக்கொடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு என் பெயரையும் ஊரையும் அடித்தேன். ஒரு எழுத்து பிசகவில்லை. இதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் தம்பியைக் கேட்காமல் நானே பார்த்து, நானே ஒதுக்கி, நானே தேர்ந்தெடுத்த சிஸ்டம் அது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. இது பூராத்தையும் மெமரியில வச்சுத்தான் ஓடுது. சேவ் பண்ணாம ஆஃப் பண்ணீங்கன்னா அம்புட்டும் போயிரும்" என்றார் சையது பாய்.

தெரியும் தெரியும் என்று தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

காலை 7.45, கிராமம்.

செக்கானூரணியிலிருந்து ஷேர் ஆட்டோ, ஏழு கிலோமீட்டர், ஐந்து ரூபாய். சாவடியில் ஊரே கூடியிருந்தது. விவசாயிகள் சங்கத் தலைவர் தவமணி அண்ணன் வரவேற்றார். ஐம்பது வயது, பருத்தியும் நெல்லும் போடுகிறவர்.

"வா தாயி. மிஷின் எங்க?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தார். பைக்குள்ளிருந்து எடுத்தேன். "இம்புட்டுத்தானா?" என்றார். முப்பத்தைந்து நொடியில் திறந்து காட்டியதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக வந்து சொல்லச் சொல்ல அடித்தேன். அந்தப் பக்கம் பிள்ளைக்குக் குலசாமி பெயர் வைப்பது வழக்கம். அதனால் ஒரே ஊரில் பதினோரு பேருக்கு ஒச்சு என்றே பெயர். அதில் நான்கு பேருக்குத் தகப்பன் பெயரும் ஒன்றே. எந்த ஒச்சு எந்த வயல் என்று கேட்டுக் கேட்டுப் பிரித்தேன். பத்து மணிக்குக் கரண்டு போனது. டீக்கடை ரேடியோ நின்றது, மாவு மில் நின்றது, என் கை நிற்கவில்லை. "கரண்டு இல்லாமயே ஓடுதுப்பா" என்று நாலு பேர் வந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

11.10க்கு எண்பத்தாறு பெயரும் முடிந்தது. தனித் தாள்களில் எல்லாரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டு வயலுக்குக் கலைந்தார்கள். பேட்டரியைப் பிரிண்ட் வேலைக்கு மிச்சம் பிடிக்கலாம் என்று அணைத்தேன். திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி ஏதோ கேட்டது. வரி முடிந்ததும் உருளையைத் தள்ளிப் பழகிய கை இது. படிக்காமலே என்டரைத் தட்டிவிட்டேன். நாலே நொடியில் அணைந்தது. அந்த வேகத்தையும் தவமணி அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்.

பகல் 11.35, பஸ் நிறுத்தம்.

திருமங்கலத்துக்கு மூன்று பேர் கிளம்பினோம். தவமணி அண்ணன், நான், நீர்பாய்ச்சி வீரணன். கண்மாயில் மடை திறந்து, வயல் வயலாகத் தண்ணீர் கட்டிவிடுகிறவருக்கு நீர்பாய்ச்சி என்று பெயர். வீரணனுக்கு என் வயதுதான் இருக்கும். காலையிலிருந்து சாவடிக்கு வெளியிலேயே நின்றார். தவமணி அண்ணனின் குடையும் கையெழுத்துத் தாள்களும் அவர் கையில் இருந்தன.

பட்டியலை ஒருமுறை காட்டலாம் என்று திறந்தேன். பட்டியல் இல்லை. எல்லா இடத்திலும் தேடினேன். சையது பாய் கடையிலிருந்து வந்த அன்று இருந்தது போலத் துடைத்து வைத்திருந்தது.

டைப்ரைட்டரில் அடித்தது தாளில் இருக்கும். உறையைப் போட்டு மூடினால் எழுத்து எங்கேயும் போகாது. இருபத்திரண்டு வருடமாக அப்படி மூடிய கையால் இதையும் மூடியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அண்ணே, போச்சுண்ணே. பட்டியல் அழிஞ்சு போச்சு. முழுக்க என் தப்பு."

தவமணி அண்ணன் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எல்லாரும் காட்டுக்குப் போயிட்டாக தாயி. இனி யாரப் போயிக் கூப்புட?" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையெழுத்துத் தாளில் பெயர் மட்டும்தான், அதுவும் வந்தவர் வரிசையில். அதில் பதினோரு ஒச்சு, ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. தூரத்தில் பஸ் தெரிந்தது. இதை விட்டால் அடுத்தது ஒன்றரை மணிக்கு.

"நான் சொல்றேண்ணே" என்றார் வீரணன். அன்றைக்கு அவர் வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை. "மடையத் தொறந்தா வரிசையா வந்துருவாகள்ல."

பகல் 11.50, டவுன் பஸ்.

திருமங்கலம் பதினாறு கிலோமீட்டர், டிக்கெட் ஆறு ரூபாய். டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டைக் கண்டக்டர் காலி செய்து கொடுத்தார். மடியில் பை, பைமேல் லேப்டாப். பேட்டரி ஒரு மணி ஐந்து நிமிடம் என்று காட்டியது. இந்த முறை ஒவ்வொரு பெயருக்கும் சேவ் போட்டேன், பென் டிரைவில்.

வீரணன் கண்ணை மூடிக்கொண்டார். வலது கை மட்டும் மண்வெட்டி பிடித்தது போல லேசாக அசைந்தது.

"மொத மடை. மேக்கால மொத வயலு, கட்டக்காளை மகன் ஒச்சு, அறுவது செண்டு. அதுக்குக் கீழ அவரு தம்பி, நாப்பது. வரப்பத் தாண்டுனா ராசு மகன் ஒச்சு, முப்பத்தஞ்சு..."

எங்கேயும் நின்று யோசிக்கவில்லை. தண்ணீர் போகிற வழியிலேயே போனார். பள்ளத்தில் பஸ் குலுங்கினால் அவர் நிறுத்துவார், நான் விட்ட எழுத்தைப் போட்டதும் தொடர்வார். "எக்கா, கை என்ன இம்புட்டு வேகமா ஓடுது?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "நீங்க ஓட்டுற தண்ணியவிடக் கம்மிதாண்ணே" என்றேன். கண்டக்டர் டிக்கெட் போடுவதை மறந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

"கடைமடை. கடைசி வயலு, பேச்சியம்மா, புருசன் பேரு சின்னக்காளை, எட்டு செண்டு. அம்புட்டுத்தேன்."

எண்ணிப் பார்த்தேன். எண்பத்தேழு. காலையில் எண்பத்தாறுதான்.

தவமணி அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! பேச்சியம்மாவ யாருமே சொல்லலையே. அது மக வீட்டுக்குல்ல போயிருக்கு. தண்ணி வராம அதுக்குத்தானப்பா மொத அடி."

சாவடியில் ஊரே கூடி மறந்த ஒரு பெயரை, சாவடிக்கு வெளியே நின்றவர் மறக்கவில்லை. என்னுடைய தவறுக்கு முதல்முறையாகக் கொஞ்சம் ஆறுதல் கிடைத்தது.

"உங்க வயலு எதுண்ணே? சொல்லவே இல்லையே" என்று கேட்டேன்.

"எனக்கு ஏதுக்கா வயலு?" என்று சிரித்தார்.

பட்டியலின் அடியில் நானாக ஒரு வரி சேர்த்தேன்: 'மேற்படி மடை வரிசையைச் சொன்னவர், நீர்பாய்ச்சி வீரணன்.' தவமணி அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "இருக்கட்டும் தாயி, நெசந்தான" என்றார்.

பகல் 12.45, திருமங்கலம்.

இங்கே பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை மின்வெட்டு. ஜெனரேட்டர் வைத்த ஜெராக்ஸ் கடை ஒன்றே ஒன்று. பக்கத்துக்கு ஐந்து ரூபாய், கரண்டு இருந்தால் இரண்டு. அந்தக் கடைக் கம்ப்யூட்டருக்கு என்னுடைய எழுத்துரு தெரியாது என்பது முன்பே எனக்குத் தெரியும். அதனால் பி.டி.எஃப். ஆக மாற்றிக் கொடுத்தேன். ஐந்து பக்கமும் அச்சுப் பிசகாமல் வந்தன. பேட்டரியில் மிச்சம் ஒன்பது சதவீதம். என்னுடைய சின்ன சிஸ்டத்தை அந்த இடத்திலேயே தட்டிக்கொடுத்தேன். தவறு செய்தது நான், அது அல்ல.

பிற்பகல் 2.10, தாலுகா அலுவலகம்.

ஜமாபந்தி அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இருபத்தொன்பதும் ஒச்சு, நாற்பத்தொன்றும் ஒச்சு. அப்பா பெயரும் ஒண்ணு, அளவும் ஒண்ணு. ஒரே ஆளை ரெண்டு தடவை போட்டிருக்கீங்களா?"

தவமணி அண்ணன் தாளை எட்டிப் பார்த்தார். கதவோரத்திலிருந்து குரல் வந்தது. "இல்லைங்கய்யா. இருவத்தொம்பது மேட்டு வயலு, தண்ணி சுத்திக்கிட்டுத்தேன் ஏறும். நாப்பத்தொண்ணு வேப்பமரத்து வயலு. ஒருத்தரு அண்ணன் பேரன், இன்னொருத்தரு தம்பி பேரன்."

அதிகாரி கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "வீரணன் நீங்கதானா? உள்ள வாங்க." கூட்டம் வழிவிட்டது. இன்னும் மூன்று எண்களைக் கேட்டார். மூன்றுக்கும் வயலைச் சொன்னார் வீரணன். அதிகாரி பேனாவை எடுத்து மனுவின் ஓரத்தில் எழுதி, உரக்கப் படித்தார். பத்து நாளைக்குள் மடையை நேரில் பார்த்து மதிப்பீடு தயாரிக்க வேண்டும், பார்வையிடும்போது நீர்பாய்ச்சி வீரணன் உடன் இருக்க வேண்டும். பதிவு எண் போட்டு ரசீது கொடுத்தார்கள்.

பிற்பகல் 3.00.

மதுரை பெரியார் நிலையத்துக்கு பஸ் ஏற நின்றேன். தவமணி அண்ணன் டீ வாங்கப் போயிருந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மரத்தடியில் அடிக்கிற மனு எந்த மேஜைக்குப் போகிறது, அங்கே என்ன ஆகிறது என்று நான் பார்த்ததே இல்லை. இன்று கூடவே போய்ப் பார்த்துவிட்டேன். மடை கட்டப்படுமா என்று எனக்குத் தெரியாது. மனு திரும்பி வராது என்பது மட்டும் தெரியும்.

வீரணன் மனுவின் நகலை என்னிடம் நீட்டினார். "எக்கா, எனக்குப் படிக்கத் தெரியாது. எம்பேரு எங்கன இருக்கு?"

காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு விரலை வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்த நான்கு எழுத்தையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் லட்சம் பெயர் அடித்திருப்பேன். அடித்த பெயரை அதன் சொந்தக்காரர் என் கண்முன்னால் தொட்டுப் பார்த்தது அன்றுதான்.