இன்ஜினுக்குள் துணிக்கொடி

அந்தத் தெருவில் மெக்கானிக்கைக் ‘கயிறு’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி என்பதற்காக அல்ல. வாயைத் திறந்தால் கயிறு திரிப்பார் என்பதற்காக. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தாமலே ரிப்பேர் பார்த்த கதை அவரிடம் உண்டு. தன் கல்யாணத்துக்கே ஒரு மணி நேரம் தாமதமாக வந்து, “வழியில பாலம் திறந்துக்கிச்சு” என்று சொன்ன மாப்பிள்ளை அவர். அந்த ஊரில் ஆறே கிடையாது.

ஆனால் பட்டறை வாசலுக்கு உள்ளே அவர் பொய் சொன்னதில்லை. போல்ட் உடைந்தால், “நான்தான் உடைச்சேன்” என்பார். யாரிடமும் போய் வேலை கற்கவில்லை. கழித்துப்போட்ட ஒரு பழைய இன்ஜினை வீட்டுப் பின்னறையில் பதினொரு தடவை பிரித்துப் பூட்டிக் கற்றுக்கொண்டார். பத்து தடவையும் ஒரு வாஷர் மிச்சம் வந்தது. பதினோராவது தடவை ஒன்று குறைந்தது. அது உப்பு டப்பாவில் கிடைத்தது, அதுவும் சாப்பிடும்போது. அன்றிலிருந்து எண்ணிப் பார்க்காமல் எந்த இன்ஜினையும் அவர் மூடுவதில்லை.

அவர் மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் பதினாலு பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுவார், மூன்றரைக்குத் திரும்ப ஏற்றிவருவார். ஒரு மாதமாக வேனின் இன்ஜின், டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போலச் சத்தம் போட்டது. டைமிங் செயின் தொய்ந்துவிட்டது, அதைச் சுற்றவைக்கிற பல்சக்கரங்களும் தேய்ந்துவிட்டன. ஒருநாள் பாதி வழியில் நின்றும் போயிற்று. தலைமை ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “இன்னொரு நாள் வண்டி வரலைன்னா வேற வேன் பாத்துக்குவோம்மா.”

கம்பெனி பட்டறையில் இரண்டு நாள் கேட்டார்கள். கயிறு சொன்னார்: “காலையில பிள்ளைங்களை விட்டுட்டு வா. மூணு மணிக்கு வண்டி ரெடி.”

“இது பட்டறைப் பேச்சா, வீட்டுப் பேச்சா?” என்று கேட்டார் மனைவி.

“பட்டறைப் பேச்சு.”

“அப்ப சரி.”

ரேடியேட்டர், ஃபேன், பெல்ட் எல்லாம் மளமளவென்று கழன்றன. மாட்டிக்கொண்டது முன்னால் இருக்கிற பெரிய போல்ட்தான். அதைக் கழற்றினால்தான் செயின் மூடியைத் திறக்க முடியும். ஸ்பானரைப் போட்டுத் திருகினால் போல்ட் அசையவில்லை, மொத்த இன்ஜினும் சேர்ந்து சுற்றியது. இன்ஜினை யாராவது பிடித்து நிறுத்த வேண்டும்.

அதற்கு மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, முடிதிருத்துகிறவன். நாள் முழுக்க அடுத்தவரை “ஆடாதீங்க, ஆடாதீங்க” என்று சொல்லியே பிழைக்கிறவன். அவன் கால் மட்டும் ஒரு நொடி சும்மா இருக்காது. கியரைப் போட்டு அவனை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார்.

“பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இரு மாப்ளே. உயிரே போனாலும் காலை எடுக்காதே.”

“என்ன மாமா, இதெல்லாம் ஒரு வேலையா?”

கயிறு முழு பலத்தோடு ஸ்பானரை இழுத்தார். மச்சினன் வழக்கம்போலக் காலை ஆட்டினான். வேன் ஒரு குதி குதித்தது, ஸ்பானர் நழுவியது, கயிற்றின் முட்டி போய் ரேடியேட்டர் தாங்கியில் மோதியது. அவர் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது.

“மாமா, போல்ட் கழண்டுடுச்சா?”

“என் கைதான் கழண்டுடுச்சு. இறங்குடா!”

மணி பன்னிரண்டு. கயிறு நேராகப் பட்டறையை ஒட்டிய வீட்டின் கொல்லைப்பக்கம் போனார். காய்ந்துகொண்டிருந்த துணிகளைக் கூடையில் போட்டு, க்ளிப்புகளை ஒரு குவளையில் போட்டு, துணிக்கொடியை அவிழ்த்து, குவளையையும் எடுத்துக்கொண்டு வந்தார். முதல் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். வால்வு இரண்டும் மூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அந்த ஓட்டை வழியாகக் கயிற்றைச் சாண் சாணாக உள்ளே விட்டார். வெளியே நின்ற நுனியில் ஒரு முடிச்சு, இன்ஜின் முழுங்கிவிடாமல் இருக்க. இனி சுற்றினால் பிஸ்டன் ஏறிவந்து கயிற்றுச் சுருளில் முட்டி நின்றுவிடும். மெத்தென்ற கயிறு என்பதால் எதையும் கீறாது.

அந்த நேரம் பார்த்து மனைவி வந்தார், கையில் ஈரத்துணிக் கூடையோடு.

“என்னங்க, துணிக்கொடி எங்க?”

“இன்ஜினுக்குள்ள.”

“கயிறு திரிக்காதீங்க.”

“திரிக்கலம்மா, திணிச்சிருக்கேன்.”

மனைவி குனிந்து பார்த்தார். பிளக் ஓட்டையிலிருந்து அவருடைய நீலக் கயிறு எலிவால் போல எட்டிப் பார்த்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு, நுனி முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார்.

கயிறு ஸ்பானரை இழுத்தார். டக்! போல்ட் கழன்றது.

கயிற்றை உருவி, இன்ஜின் முன்னால் பொறித்திருக்கிற டைமிங் குறிகளை நேர்ப்படுத்தி, மூடியைத் திறந்தார். பழைய செயின் தளர்ந்த அரைஞாண் மாதிரி தொங்கியது. அதைக் கழற்றிப் புதிய சக்கரங்களை மாட்டும்வரை மேலே வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம் தண்டு மயிரிழைகூடத் திரும்பக் கூடாது. வால்வு ஸ்ப்ரிங்குகள் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதன் தலையில் ஒரு ஸ்பானரை மாட்டி மச்சினன் கையில் கொடுத்தார்.

“உன் கடைக்கு வர்றவங்ககிட்ட என்ன சொல்லுவே?”

“ஆடாதீங்க, காது போயிடும்னு.”

“அதேதான். ஆடாதே, உங்கக்கா ரூட்டு போயிடும்.”

மச்சினன் மூச்சைப் பிடித்தான். முகம் சிவந்தது. அதிசயம், கால்கூட ஆடவில்லை. கயிறு புதிய சக்கரங்களையும் செயினையும் மாட்டி, இரண்டு சக்கரத்து அடையாளப் பொட்டும் ஒன்றையொன்று நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்தார். ஒரு பல் தள்ளிப்போனாலும் இன்ஜின் இருமும். மூன்று தடவை சரிபார்த்தார். பிறகு போல்ட்டை இறுக்க மறுபடி துணிக்கொடி உள்ளே போனது. இந்தத் தடவை இன்ஜின் எதிர்ப்பக்கம் சுற்றும்போது பிஸ்டன் முட்டும்படி. எல்லாவற்றையும் பூட்டி முடித்தபோது மணி மூன்று.

துணிக்கொடியை வாங்கிக்கொண்ட மனைவி குவளையை எட்டிப் பார்த்தார். “பன்னெண்டு க்ளிப் இருந்துச்சே. பதினொண்ணுதான் இருக்கு.”

சாவியில் வைத்த கையை எடுத்துவிட்டார் கயிறு. உப்பு டப்பா ஞாபகம் வந்தது. க்ளிப் அந்த ஓட்டையில் நுழையாது. ஆனால் உடைந்த க்ளிப்பின் கம்பி நுழையும்.

“நேரமாச்சுங்க!”

“கண்ணால பாக்காம ஸ்டார்ட் பண்ண மாட்டேன்.”

பிளக்கைத் திரும்பக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தார். கூடையைக் கொட்டிப் பார்த்தார். மணி மூன்று இருபது. “நானும் தேடுறேன் மாமா” என்று, ஸ்பானரைப் பிடித்த இடத்திலேயே நின்றிருந்த மச்சினன் ஒரு அடி எடுத்துவைத்தான். வெட்டின மரம் போலக் கவிழ்ந்து விழுந்தான்.

அவனுடைய இரண்டு கால்சட்டைக் குழாய்களையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது பன்னிரண்டாவது க்ளிப்.

“காலு ஆடாம இருக்கட்டும்னு நான்தான் மாட்டினேன்” என்றான் தரையிலிருந்தபடி. “மூச்சைப் பிடிச்சதுல மறந்துட்டேன்.”

சாவியைத் திருப்பியதும் வேன் கிளம்பியது. கூழாங்கல் சத்தம் இல்லை. மனைவி பறந்தார்.

திரும்பி வரும்போது மணி ஐந்து. கயிறு துணிக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தார். பாதி நீலம், பாதி கறுப்பு.

“ஸ்கூல்ல என்ன சொன்னாங்க?”

“பத்து நிமிஷம் ஏன் லேட்டுன்னாங்க. உள்ளதைச் சொன்னேன். துணிக்கொடியை இன்ஜினுக்குள்ள விட்டோம், ஒரு க்ளிப்பைக் காணோம், அது என் தம்பி கால்ல இருந்துச்சுன்னு.”

“அப்புறம்?”

“‘கயிறு திரிக்காதீங்கம்மா’ன்னாங்க.”

கயிற்றின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது. “அப்ப ரூட்டு?”

“டயர் பஞ்சர்னு சொன்னேன். ‘அதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே’ன்னுட்டாங்க. நாளைக்கும் நம்ம வண்டிதான்.”

“எந்த டயர்னு கேக்கலையா?”

“கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். பின்னால, இடது பக்கம்.”

“அடடா!” என்றார் கயிறு. தொழில் தெரிந்தவரைத் தொழில் தெரிந்தவர் பார்க்கிற பார்வை அது.

மனைவி ஒரு ஈரச்சட்டையை உதறி, கயிற்றின் நீலப் பக்கத்தில் போட்டு, பன்னிரண்டாவது க்ளிப்பை மாட்டினார். பிறகு கேட்டார், கல்யாணமாகி முதல் தடவையாக: “ஆமா, ஆறே இல்லாத ஊர்ல பாலம் எப்படிங்க திறந்துச்சு?”

“அதுவா?” என்றார் கயிறு. “அது பக்கத்து ஊர்ப் பாலம்.”